சாய்ந்து நிற்கும் கார்: கேள்வி-பதில்

கே: வாசலில் நிற்கும்போது என் கார் இடது பக்கம் தாழ்ந்து தெரிகிறது. எதிர்வீட்டுக்காரர் பார்த்த மாத்திரத்தில் "ஸ்பிரிங் போச்சு" என்கிறார். அப்படித்தானா?
– வாசகர், பாளையங்கோட்டை

ப: முதலில் தெருவைச் சந்தேகப்படுங்கள், பிறகு காரை. மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் போடுகிறார்கள். இடது ஓரத்தில் நிறுத்தினால் எந்தக் காரும் இடது பக்கம் சாயும். அதே இடத்தில் வண்டியைத் திருப்பி, எதிர்த்திசை பார்க்க நிறுத்துங்கள். இப்போது வலது பக்கம் தாழ்ந்தால் சாய்வு தெருவினுடையது. அப்போதும் இடது பக்கமே தாழ்ந்திருந்தால் எதிர்வீட்டுக்காரருக்கு ஒரு காபி கொடுங்கள், சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

கே: சாய்வைக் கண்ணால் பார்த்தால் போதுமா, அளக்க வழி உண்டா?
– வாசகி, காரைக்குடி

ப: கண் ஏமாற்றும், டேப் ஏமாற்றாது. நான்கு டயரிலும் கம்பெனி சொன்ன அளவுக்குக் காற்றடியுங்கள். டிக்கியைக் காலி செய்யுங்கள். சமதளமான சிமென்ட் தரையில் நிறுத்தி, பம்பரை முன்னும் பின்னும் அழுத்தி ஆட்டிவிட்டு வண்டி தானாக அமர விடுங்கள். பிறகு ஒவ்வொரு சக்கரத்தின் நடு மையத்திலிருந்து நேர் மேலே மட்கார்ட் விளிம்பு வரை அளந்து எழுதுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரின் தேய்மானமும் காற்றும் கணக்கில் புகுந்துவிடும். மையத்திலிருந்து அளந்தால் ஸ்பிரிங் செய்யும் வேலை மட்டும் தெரியும்.

இடதுக்கும் வலதுக்கும் ஒரு சென்டிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் தூக்கம் கெட வேண்டாம். இரண்டு சென்டிமீட்டர் என்றால் சக்கரத்தைக் கழற்றிப் பார்க்க வேண்டியதுதான். அந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே ஒர்க்‌ஷாப் போங்கள். நான்கு எண்களோடு வருகிறவரிடம் யாரும் பொத்தாம்பொதுவாகப் பேச முடியாது.

கே: மெக்கானிக் "ஷாக் அப்சார்பர் வீக், நாலையும் மாத்தணும்" என்கிறார். செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. மாற்றினால் சாய்வு போகுமா?
– வாசகர், ஈரோடு

ப: போகாது. இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊரில் அதிகப் பணம் வீணாவது இங்கேதான்.

வண்டியின் எடையைத் தாங்குவது ஸ்பிரிங். பள்ளத்தில் இறங்கி ஏறியபின் அந்த ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவது ஷாக் அப்சார்பர். ஸ்பிரிங்கும் ஷாக்கும் தனித்தனியாக உள்ள காரில் ஷாக்கைக் கழற்றிவிட்டாலும் வண்டி ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நிற்கும். கேஸ் நிரப்பிய ஷாக் சிறிதளவு தூக்கிக் கொடுக்கும்; கண்ணுக்குத் தெரிகிற சாய்வை அது நிமிர்த்தாது. ஷாக்கில் ஆயில் கசிந்தால் மாற்றத்தான் வேண்டும். பிரேக் பிடிக்கிற தூரமும் திருப்பத்தில் பிடிமானமும் அதை நம்பியிருக்கின்றன. ஆனால் அது வேறு வியாதி, வேறு மருந்து.

இந்தக் குழப்பம் வந்ததற்கும் காரணம் உண்டு. இன்றைய பெரும்பாலான கார்களின் முன்பக்கத்தில் ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஒரே தண்டில் கோத்திருக்கிறார்கள். 1940களில் ஏர்ல் மெக்ஃபர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் உருவாக்கிய அமைப்பு இது. இன்றும் அவர் பெயரில்தான் வழங்குகிறது. இரண்டும் ஒன்றாகக் கழன்று வருவதால் பேச்சிலும் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

மெக்கானிக்கிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "ஸ்பிரிங்கின் அடிச்சுற்றைக் காட்டுங்கள்." சுருள் ஸ்பிரிங் பெரும்பாலும் நடுவில் ஒடிவதில்லை. கீழே கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் கடைசிச் சுற்றில்தான் ஒடியும். கிண்ணத்தில் மண்ணும் தண்ணீரும் தேங்கும். கல் தெறித்துப் பெயின்ட் உரிந்த இடத்தில் துரு குழி பறிக்கும். அந்தக் குழியிலிருந்து விரிசல் கிளம்பி, ஏதோ ஒரு வேகத்தடையில் 'டங்' என்று முடியும். தூத்துக்குடி, நாகப்பட்டினம் போன்ற உப்புக்காற்று ஊர்களில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஒடிந்த துண்டு சேற்றில் மறைந்திருக்கும். துடைத்துவிட்டு டார்ச் அடித்தால்தான் தெரியும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது 'கிர்ர்… டங்' என்று சத்தம் வருகிறதா? அப்படியானால் இதுவாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

கே: பின் இடது மூலை தாழ்ந்திருந்தது. அந்த ஸ்பிரிங்கை மாற்றியும் தாழ்ந்தே இருக்கிறதே!
– வாசகர், வேலூர்

ப: குற்றவாளி முன்பக்கம் இருக்கலாம். முன் இடது ஸ்பிரிங் தளர்ந்தால் வண்டியின் உடல் முழுக்க அந்த மூலைக்குச் சரியும். எதிர்மூலையான பின் வலது சற்று எழும்பும். பின்னால் நின்று பார்க்கிறவருக்குப் பின் இடதுதான் இறங்கிவிட்டது போலத் தெரியும். ஆடும் நாற்காலியில் எந்தக் கால் குட்டை என்று உட்கார்ந்தபடி சொல்ல முடியாதல்லவா, அதே கதைதான்.

சோதனை எளிது. ஜாக்கி வைக்கத் தகுந்த முன்பக்க நடு இடத்தில் வைத்து மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். முன்பக்கம் எழும்பியதும் பின்பக்கம் நேராகிவிட்டால் கோளாறு முன்னால். அப்போதும் பின்னால் சாய்ந்தே இருந்தால் கோளாறு பின்னால். இதை ஒர்க்‌ஷாப்பில்தான் செய்ய வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது.

கே: என் எடை 98 கிலோ. எப்போதும் தனியாகத்தான் ஓட்டுகிறேன். வலது பக்கம் இறங்கியதற்கு நான்தான் காரணமா?
– வாசகர், சேலம்

ப: இல்லை. நீங்கள் உட்கார்ந்தால் இறங்கி, எழுந்தால் ஏறுவது ஸ்பிரிங்கின் வேலை. நீங்கள் இறங்கிய பிறகும் தாழ்ந்தே இருந்தால் அதற்குத் துருவோ வயதோ பள்ளமோ பொறுப்பு. நிம்மதியாகச் சாப்பிடுங்கள்.

கே: ஸ்பிரிங் சுற்றுகளுக்கு நடுவே ரப்பர் வைத்தால் குறைந்த செலவில் முடிந்துவிடும் என்கிறார்களே?
– வாசகி, திருப்பூர்

ப: செலவு குறையும், கோளாறு ஒளிந்துகொள்ளும். ரப்பர் இறுக்கிய இடத்தில் ஸ்பிரிங் அசையாது. மிச்சச் சுற்றுகள் அதற்கும் சேர்த்து உழைக்க வேண்டும். ஏற்கெனவே விரிசல் விட்ட ஸ்பிரிங் என்றால் அந்த உழைப்பில் ஒடியும். ஒடிந்த முனை டயரின் பக்கவாட்டைக் கிழித்துவிட வாய்ப்புண்டு. நெடுஞ்சாலையில் அது நடந்தால் என்ன ஆகும் என்பதை நினைத்துப் பாருங்கள். வேண்டாம்.

கே: ஒரு பக்க ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் போதாதா?
– வாசகர், விருதுநகர்

ப: முன்பக்கம் என்றால் முன் இரண்டும், பின்பக்கம் என்றால் பின் இரண்டும். பழசும் புதுசும் சேர்ந்தால் சாய்வு திசை மாறி வந்து நிற்கும். ஒரே மாடலில் பெட்ரோல் வண்டிக்கும் டீசல் வண்டிக்கும் ஸ்பிரிங் வேறாக இருக்கலாம். பார்ட் நம்பரைப் பார்த்து வாங்குங்கள், கடைக்காரரின் ஞாபகத்தை நம்பி வாங்காதீர்கள். மாற்றியபின் வீல் அலைன்மென்ட். மாற்றுவதற்கு முன் செய்த அலைன்மென்ட் வீண்.

கே: அப்பாவின் அம்பாசடரை இன்னும் வைத்திருக்கிறேன். முன் வலது தாழ்ந்திருக்கிறது. ஆனால் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங்கையே காணோம்!
– வாசகர், கோயம்புத்தூர்

ப: இருக்காது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டிலிருந்து வந்த அந்த வண்டியின் முன்பக்க எடையை இரண்டு நீண்ட எஃகுக் கோல்கள் முறுக்குப்பட்டுத் தாங்குகின்றன. டார்ஷன் பார் என்பார்கள். இதில் ஒரு பெரிய வசதி: கோலின் பிடிமானத்தைச் சற்று மாற்றி வைத்தால் உயரத்தைச் சரிசெய்துவிடலாம். ஆனால் இடது கோலை வலதில் போடக் கூடாது. ஒவ்வொன்றும் ஒரே திசை முறுக்குக்குப் பழகியது. 2014இல் உத்தர்பாராவில் அம்பாசடர் உற்பத்தி நின்றுவிட்டது. விவரம் தெரிந்த கைகளும் குறைந்து வருகின்றன. உங்கள் ஊரில் பழைய மெக்கானிக் ஒருவர் இருந்தால், அவர் வேலை செய்யும்போது பக்கத்தில் ஓர் இளைஞரையும் நிற்க வையுங்கள்.

கே: ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய்கறி ஏற்றும் சின்ன சரக்கு வண்டி. பின்னால் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. வண்டியும் கோணலாக ஓடுகிறது.
– வாசகர், பழனி

ப: கோணலாக ஓடுகிறது என்றீர்களே, அதுதான் அபாய அறிகுறி. இத்தகைய வண்டியின் பின்பக்கத்தில் சுருளுக்குப் பதில், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்தான் ஸ்பிரிங். பட்டை ஒடிந்தால் வண்டி தாழும். பட்டைகளைக் கோத்திருக்கும் சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்ஸிலே நகர்ந்து, பின்சக்கரங்கள் வேறு பக்கம் பார்த்து ஓடும். இன்றைக்கு லோடு ஏற்றாதீர்கள். தக்காளி ஒரு நாள் காத்திருக்கட்டும்.

கே: பழைய சொகுசுக் கார் வாங்கினேன். இரவு நேராக நிற்கிறது, காலையில் ஒரு மூலை படுத்திருக்கிறது. ஸ்டார்ட் செய்ததும் எழுந்துவிடுகிறது.
– வாசகர், சென்னை

ப: உங்கள் காரில் ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப் பை. ரப்பரில் நுண்ணிய வெடிப்பு விழுந்து இரவெல்லாம் காற்று கசிகிறது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். தள்ளிப் போடாதீர்கள். கசிவை ஈடுகட்ட ஓடி ஓடிக் கம்ப்ரஸரும் கருகினால் செலவு இரட்டிக்கும். 1955இல் பாரிஸ் கண்காட்சியில் அறிமுகமான சித்ரோயன் டி.எஸ்.கூட, நிறுத்திவைத்தால் கீழே அமர்ந்துவிடும். அது அந்த வண்டியின் இயல்பு. ஒரு மூலை மட்டும் படுப்பது கசிவு.

கே: சாய்வோடு மதுரையிலிருந்து சென்னை போகலாமா? ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன்.
– வாசகர், மதுரை

ப: பல மாதமாக மெல்ல மெல்ல இறங்கியதென்றால் உள்ளூர் ஒர்க்‌ஷாப் வரை நிதானமாக ஓட்டலாம். நேற்று நேராக நின்ற வண்டி இன்று இறங்கியிருந்தால் ஒரு கிலோமீட்டர்கூட வேண்டாம், இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். ஸ்பிரிங்கை நீங்களே கழற்றவும் முயலாதீர்கள். அமுங்கிய நிலையில் விடுபட்டால் ஆளைக் கொல்லும் விசை அதற்குள் இருக்கிறது. சென்னைக்கு மதுரையிலிருந்து இரவெல்லாம் ரயில் உண்டு.