கைத்துப்பாக்கி சம்ரட்சணம்

துப்பாக்கி வைத்திருப்பவனைக் கண்டு ஊரே அஞ்சும் என்று நினைப்பவர்கள், அந்தத் துப்பாக்கிக்காரன் யார் யாரைக் கண்டு அஞ்சிக்கொண்டிருக்கிறான் என்பதை ஒருநாளும் விசாரித்து அறிந்ததில்லை. புதுக்கோட்டை ஜில்லாவில், திருமயத்துக்கு அருகே ஒரு கிராமத்தில், தாத்தா காலத்து ஓட்டு வீட்டையும், கொஞ்சம் வானம் பார்த்த பூமியையும், பெல்ஜியம் தேசத்துக் கைத்துப்பாக்கி ஒன்றையும் பிதுரார்ஜிதமாகப் பெற்றவன் என்ற முறையில், இந்த விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல எனக்குச் சிறிது யோக்கியதை உண்டு. வீடு ஒழுகுகிறது, பூமி காய்கிறது, இரண்டும் சேர்ந்து தந்த கவலையைக் காட்டிலும், உள்ளங்கையில் அடங்கும் அந்த இரும்புத் துண்டு தந்த கவலை அதிகம்.

யுத்தத்துக்கு முன்பு தாத்தா அதைச் சென்னைப் பட்டணத்தில் வாங்கினாராம். ஹெர்ஸ்டால் என்ற ஊரின் எஃப்.என். கம்பெனி செய்தது; ஜான் பிரௌனிங் என்னும் அமெரிக்க மேதை வகுத்துக் கொடுத்த 1910-ஆம் வருஷத்து மாதிரி; .32 தோட்டா, மேகசினில் 7 கொள்ளும். நீளம் 15 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். எடை 600 கிராமுக்குச் சற்றுக் குறைவு. வெகு லட்சணமான வேலைப்பாடு. ஸ்பிரிங்கைக் குழலைச் சுற்றியே அமைத்துவிட்டதால் மேலும் கீழும் முண்டும் முடிச்சும் இல்லை. பையிலிருந்து எடுக்கும்போது துணியில் மாட்டுவதற்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் குதிரையும் இல்லை. இத்தனை அழகுக்கு நடுவே பிரௌனிங் மூன்று தடைகளை வைத்தார். இடப்பக்கத்துச் சிறு நெம்பை இறக்கினாலொழியச் சுடாது. பிடியின் பின்புறத்தை உள்ளங்கையால் இறுக அழுத்தினாலொழியச் சுடாது. மேகசினை உருவிவிட்டால் உள்ளே தோட்டா இருந்தாலும் சுடாது. இம்மூன்றையும் தாண்டி வருவதற்குள் மனிதனுக்குக் கோபம் தணிந்துவிடும் என்று அவர் எண்ணினார் போலும். நான்காவது தடையாக இந்திய அரசாங்கம் வந்து சேரும் என்பதை அவர் அறிந்திருக்க நியாயமில்லை.

இந்தக் கம்பெனித் துப்பாக்கிகளுக்குச் சரித்திரத்தில் இடம் உண்டு. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டு வீழ்த்திய வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்துப் பிரௌனிங்தான். புதுச்சேரியில் அவருக்குச் சுடப் பழக்கியவர் வ.வே.சு. ஐயர். 1914-இல் சரயேவோ நகரத் தெருவில் ஆஸ்திரிய இளவரசரைக் கொன்று உலக யுத்தத்துக்கு வாசல் திறந்துவிட்டது, தோட்டாவின் பருமன் சற்று வேறுபட்டாலும், என் வீட்டில் இருக்கும் இதே 1910 மாதிரி. அப்பேர்ப்பட்ட வம்சத்தில் உதித்த துப்பாக்கி, என் தகப்பனார் காலம் முழுவதும் பீரோவின் அடித்தட்டில் எல்.ஐ.சி. பத்திரங்கள் காற்றில் பறக்காதபடி காவல் காத்துக்கொண்டிருந்தது. திருமயம் கோட்டையின் உச்சியில் ஒரு பீரங்கி நிற்கிறதே, அதுவும் இதுவும் ஒரே அளவுக்கு ஊரைப் பாதுகாத்து வந்தன என்று சொல்லலாம். பீரங்கிக்கு லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய சிரமம் இல்லை என்பது ஒன்றே வித்தியாசம்.

2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின்படி, லைசென்ஸ்தாரர் 70 வயதை எட்டினாலும், 25 வருஷம் ஆயுதத்தை வைத்திருந்தாலும், வாரிசுக்கு அதை மாற்றித் தர மனுச் செய்யலாம். என் தகப்பனார் இரண்டு எல்லைகளையும் எப்போதோ கடந்தவர். “இனிமே நீயே வச்சுக்கப்பா, கையெழுத்துப் போட்டுப் போட்டுக் கை ஓஞ்சுபோச்சு” என்று அவர் சொன்னபோது அந்தக் குரலில் தொனித்தது வாத்சல்யம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

மனுவுடன் நான் போய் நின்ற இடம் தொண்டைமான் மன்னரின் புது அரண்மனை. புதுக்கோட்டையில் இன்று கலெக்டர் ஆபீஸ் நடப்பது அங்கேதான். 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்து, 1974-இல் தனி ஜில்லாவும் ஆன பிறகு, மன்னர் நடமாடிய கூடங்களில் ஃபைல்கள் நடமாடுகின்றன. பிரௌனிங் ஒன்று கலெக்டரைத் தேடிச் சென்ற விதம் 1911-இல் எப்படி இருந்ததென்பதை மேலே சொன்னேன். என்னுடைய பிரௌனிங் கலெக்டரைத் தேடிச் சென்றது நகல், சான்றொப்பம், பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம் ஆகிய பரிவாரங்களுடன்.

அங்கிருந்து மனு போலீஸ் விசாரணைக்குப் போயிற்று. விசாரிக்க வந்த ஏட்டு மிகவும் நல்ல மனிதர். மோர் குடித்துவிட்டு, “சாருக்கு யாரால ஆபத்து?” என்று கேட்டார். என் ஜீவிதத்தில் எனக்கு ஒரு பகைவர்கூடக் கிடையாது என்பது ஒரு குறையாக எனக்குத் தோன்றியது அப்போதுதான். யோசித்துப் பார்த்து, ஒருவராலும் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். அவர் முகம் வாடிவிட்டது. “பங்காளி தகராறு? வரப்புத் தகராறு? கோயில் முதல் மரியாதையில ஏதாச்சும்?” என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். பங்காளிகள் எல்லாரும் சிங்கப்பூரில் இருக்கிறார்கள். விளையாத நிலத்தின் வரப்பை எவன் வெட்டுவான்? கடைசியில், “பரம்பரைச் சொத்துன்னு எழுதிக்கிறேங்க, அதுக்குப் பகையாளி தேவையில்ல” என்று அவரே வழி கண்டுபிடித்தார்.

லைசென்ஸ் வந்தது. 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு அது 5 வருஷத்துக்குச் செல்லும். ஒருவன் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கி மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தது. ஒன்றையே சமாளிக்கத் தெரியாதவனுக்கு இரண்டாவதை அனுமதிக்கும் சட்டத்தின் தாராள சிந்தை வியக்கத்தக்கது.

இனி, ஏந்திச் செல்லும் படலம். சினிமாவில் கோட்டுப் போட்டவர்கள் ஏந்துகிறார்கள். வேட்டி கட்டுகிறவன் எங்கே ஏந்துவது என்பதைப் பற்றி பிரௌனிங்கும் சிந்திக்கவில்லை, பாராளுமன்றமும் சிந்திக்கவில்லை. மடியில் கட்டினால் முடிச்சு அவிழும். சட்டைப்பையில் வைத்தால் ஒரு தோள் தாழ்ந்து, பார்க்கிறவர்கள் பட்சவாதமோ என்று பரிதாபப்படுவார்கள். நம் பக்கத்துப் பெரியவர்கள் இடுப்பில் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டில், பணமும் புகையிலையும் வைக்கும் பையிலேயே உறையுடன் திணித்துப் பார்த்தேன். 600 கிராம் என்பது தராசில் சொற்பம். இடுப்பில் அது சொற்பம் அல்ல. பஸ் ஏறும்போது ஒரு கையால் கம்பியையும் மறு கையால் வேட்டியையும் பிடிக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் கொலைகாரன் ஒருவன் எதிர்ப்பட்டிருந்தால், மானமா பிராணனா என்ற கேள்விக்கு நான் அங்கேயே விடை சொல்லியிருப்பேன். உறவினர் கல்யாணம் ஒன்றில் பந்தியில் சம்மணமிட்டு உட்கார்ந்ததும் அது விலாவில் குத்தத் தொடங்கியது, நெளிந்தேன், பரிமாறியவர் என்னைப் பசியாளி என்று கருதி மேலும் சோறு வைத்தார். கல்யாண வீட்டில் வானத்தை நோக்கிச் சுட்டுக் குதூகலிப்பது வடக்கே சில இடங்களில் வழக்கம். இப்போது அதற்கு 2 வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. நம் பக்கத்தில் அந்தக் குதூகலத்தை மைக் செட்காரர் ஏற்றுக்கொண்டுவிட்டார்.

ஆகவே துப்பாக்கி வீட்டிலேயே தங்கியது; தங்கியவுடன் திருட்டுப் பயம் பிடித்துக்கொண்டது. 1980-களில் வெளிநாட்டுத் துப்பாக்கிகளின் இறக்குமதியை அரசாங்கம் அடைத்துவிட்டபடியால், பழைய பெல்ஜியச் சரக்குக்கு இந்தியாவில் லட்சக் கணக்கில் விலை. அது களவு போனால் போவது பணம் மட்டுமல்ல. அது எங்கே போய் யாரைச் சுடுகிறதோ அந்தப் பாவம் வேறு. இரும்புப் பெட்டி ஒன்று வாங்கினேன். பெட்டி வந்ததும் உள்ளே நகை குவிந்திருக்கிறது என்று தெருவில் பேச்சுக் கிளம்பிற்று. அதனால் ஒரு நாய் வாங்கினேன். நாய் ராத்திரியெல்லாம் குரைத்ததால் நான் விழித்திருந்தேன். என்னைப் பாதுகாக்க வந்த ஆயுதத்தை, இவ்விதமாக, நானும் பெட்டியும் நாயும் முறை வைத்துப் பாதுகாத்து வந்தோம்.

வருஷத்துக்கு ஒரு நாள் அதற்குப் பூஜை. நவராத்திரிக்கு அம்மன் காசு அச்சிட்டு வழங்கிய சமஸ்தானத்துக்காரர்களிடம் ஆயுத பூஜை என்றால் சும்மாவா? அரிவாள்மனை, ஸ்பானர், ஸ்கூட்டர் ஆகியவற்றின் வரிசையில் பிரௌனிங்கையும் பலகையில் வைத்தோம். என் சகதர்மிணி பயபக்தியோடு குழைத்த சந்தனத்தில் மூன்று விரல் தோய்த்துப் பட்டை போட்டாள். பட்டை சரியாக வெற்றுத் தோட்டா வெளியேறும் துவாரத்தின் மேல் விழுந்தது. குங்குமம், குழல்வாயில். “சாமி காரியங்க, துடைக்கக் கூடாது” என்று அவள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் மறுநாள் காலை வரை காத்திருந்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பிரௌனிங்கின் பக்தியை நான் சுரண்டி எடுத்தேன். ஸ்லைடை இழுத்தால் இன்றைக்கும் லேசாகச் சந்தன வாசனை வருகிறது.

சுட வேண்டாமா என்று கேட்பீர்கள். வீட்டுக் கொல்லையில் சுட முடியாது. அனுமதி பெற்ற ரேஞ்சுக்குத்தான் போக வேண்டும். நார்த்தாமலை அருகே போலீஸாரும் மத்திய படையினரும் பயிற்சி எடுத்த மைதானத்திலிருந்து, 2021 டிசம்பரில் தவறி வந்த தோட்டா, ஒரு வீட்டில் இருந்த சிறுவனின் உயிரைக் கொண்டுபோனதை இந்த ஜில்லா மறக்கவில்லை. தோட்டா எங்கே போய் நிற்கும் என்று தெரியாமல் விசையில் விரல் வைப்பவனிடம் எனக்கு எந்தச் சிரிப்பும் வருவதில்லை. ஆகையால் பக்கத்து ஜில்லாவில் மண்மேடு உயர்த்திய ஒரு ரேஞ்சுக்குச் சென்றேன். தொண்டைமான் வம்சத்துப் பிரித்விராஜ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் டிராப் போட்டிக்குச் சென்றவர். நான் அசையாத காகிதத்தை, பத்து மீட்டரில். என் துப்பாக்கியின் மேலே குறி பார்க்க இருப்பது ஒரு சிறு பள்ளமும், அதற்குள் எறும்புத் தலை அளவு முனையும். மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டாலும் அவற்றில் ஒன்று என் கண்ணுக்கு அகப்படவில்லை. காகிதம் சௌக்கியமாக இருந்தது. அதற்குள் இடப்பக்கத்தில் சுட்டவரின் துப்பாக்கி துப்பிய சூடான வெற்றுத் தோட்டா ஒன்று என் காலருக்குள் இறங்கியது. “துப்பாக்கியக் கீழ வைங்க! மொதல்ல அதைக் கீழ வைங்க!” என்று பயிற்சியாளர் கத்த, வைத்துவிட்டு நான் ஆடிய நர்த்தனத்துக்குத்தான் அன்றைக்கு அங்கே கைதட்டல்.

இவ்வளவுக்கும் நடுவே என் நித்திரைக்கு ஒரு விமோசனம் உண்டு. அதன் பெயர் தேர்தல். தேதி அறிவித்து நடத்தை விதிகள் அமலுக்கு வந்ததும், வங்கிக் காவலர், பதிவு பெற்ற விளையாட்டு வீரர் போன்றோர் நீங்கலாக, எங்களைப் போன்றவர்கள் ஆயுதங்களை ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது பெற வேண்டும். ஜனங்கள் ஒருவரை ஒருவர் தாக்கிக்கொள்ளக் கூடும் என்று அஞ்சப்படும் காலத்தில் தற்காப்பு ஆயுதத்தைத் திரும்ப வாங்கிக்கொள்வதன் தர்க்கத்தை நான் ஆராயப் புகவில்லை. 2024 மார்ச் 16-இல் அறிவிப்பு வந்தது. தமிழ்நாட்டில் ஏப்ரல் 19-ஆம் தேதியே வாக்களித்து முடித்துவிட்டோம். ஆனாலும் வடக்கே கட்டம் கட்டமாக ஓட்டுப் போட்டு ஜூன் 4-இல் எண்ணி முடிக்கும் வரையில், என் இரும்புப் பெட்டி திறந்தே கிடந்தது, நாயும் தூங்கிற்று. ஜனநாயகத்தை நான் அத்தனை ஆத்மார்த்தமாக வேறெப்போதும் நேசித்ததில்லை.

முடிவு வந்து ஒரு வாரம் கழித்து ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. கொஞ்சம் தாமதமாகவே போனேன். உள்ளாட்சித் தேர்தலும் வரும் என்கிறார்களே, அதுவரையில் இங்கேயே இருந்தால் என்ன, வீண் அலைச்சல்தானே என்று பவ்யமாகக் கேட்டேன். ரைட்டர் ரிஜிஸ்டரிலிருந்து தலையைத் தூக்கினார். “சார், தயவு பண்ணி இன்னைக்கே எடுத்துட்டுப் போயிருங்க. ஒங்க ரிவால்வர் உள்ள இருக்கிற வரைக்கும், திருடு கிருடு போயிருமோன்னு எனக்குப் பொட்டுத் தூக்கம் கிடையாது.”

நாய் விற்கும் இடம் ஒன்று எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொன்னேன்.