மடனே நிலைக்கும்: பிரிட்டிஷ் நகைச்சுவைத் தொடர்கள் கெட்டுப்போகும் முறைமை குறித்து

ஒரு நகைச்சுவைத் தொடர் எத்தனை ஆண்டு தாங்கும் என்ற கேள்வியை அறிவுலகம் இதுவரை சோம்பேறிகளிடமே விட்டுவைத்திருக்கிறது. சோபாவில் சாய்ந்துகொண்டு ‘அந்தக் காலத்துல என்னமா எடுத்திருக்கான்’ என்று பெருமூச்சு விடுவது ஆய்வாகாது. முறையியல் வேண்டும். அது நம் கைவசமே இருக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் ஆகிய நான்கிலிருந்து நகை பிறக்கும் என்று மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் வகுத்துவிட்டார். பிபிசி பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை என்பது வகைப்பாட்டைப் பாதிக்காது.

நம் துணிபு: எள்ளல் தேங்காய்ச் சட்னி; மடன் நார்த்தங்காய் ஊறுகாய். ஏனைய இரண்டும் இடைப்பட்டவை.

எள்ளலுக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. ‘இட் எய்ன்ட் ஹாஃப் ஹாட் மம்’ (1974–81) தேவ்லாலி ராணுவ முகாமில் நடக்கும் கதை. அதில் ரங்கி ராம் என்ற இந்தியப் பணியாளராக முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடித்தவர் மைக்கேல் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். அவர் ஜான்சியில் பிறந்தவர் என்பதைச் சிலர் தணிப்புச் சான்றாகத் தாக்கல் செய்வதுண்டு. முகச்சாயம் அதை ஏற்கவில்லை. பிபிசி இன்று இத்தொடரை மறுஒளிபரப்பு செய்வதில்லை.

இங்கே ஒரு பூர்வபட்சம் எழும். ‘மைண்ட் யுவர் லாங்குவேஜ்’ (1977) முழுக்க எள்ளல்தான். சீக்கியர், பாகிஸ்தானி, இத்தாலியர் என்று ஒவ்வொரு நாட்டுக்கும் ஓர் அசட்டுப் பிரதிநிதி. அந்தச் சீக்கியராக நடித்த ஆல்பர்ட் மோசஸ் இலங்கையின் கம்பளையில் பிறந்தவர். கேலி பொறுக்காமல் தொலைக்காட்சி நிர்வாகி மைக்கேல் கிரேட் தொடரை நிறுத்தினார். ஆனால் அது நையாண்டி செய்த இந்தியர்களே அதை ஆசையாகப் பார்த்தார்கள்; இலங்கையிலும் பார்த்தார்கள். எப்படி? எள்ளல் இருவகை என்று தொல்காப்பிய உரைகாரர் பேராசிரியர் விளக்கியிருக்கிறார்: தான் பிறரை எள்ளிச் சிரிப்பது, பிறர் தன்னை எள்ளும்போது தானே சிரிப்பது. லண்டனில் ஊசிப்போன பண்டம் இந்தியாவில் விலைபோனது இந்த இரண்டாம் வகையால்.

இளமை பற்றி எழுத அதிகமில்லை. ‘மிஸ்டர் பீன்’ இருக்கிறார், ஏறக்குறையப் பேசுவதேயில்லை, பேசாதவனுக்கு ஏது காலாவதி.

பேதைமைக்கு ‘ஒன்லி ஃபூல்ஸ் அண்ட் ஹார்சஸ்’ தெரு கூட்டும் ட்ரிக்கர் போதும். 20 ஆண்டுகளாக ஒரே துடைப்பத்தை வைத்திருந்ததற்காக நகராட்சி அவனுக்குப் பதக்கம் தருகிறது. அதற்கு 17 முறை தலையும் 14 முறை கைப்பிடியும் மாற்றியிருக்கிறான் என்பது பிறகு தெரிகிறது. பலகை பலகையாக மாற்றிய கப்பல் அதே கப்பல்தானா என்று தத்துவத்துறைகள் விவாதித்ததை இவன் குப்பை வாரியே முடித்துவிட்டான்.

இனி மடன். சொல்லிக்கொடுத்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, என்ன ஆனாலும் விடாமலிருப்பது. ‘டாட்ஸ் ஆர்மி’யின் (1968–77) கேப்டன் மெயின்வாரிங் ஒரு வங்கி மேலாளர், ஹிட்லரைத் தடுக்கக் கிழவர்களோடு கடற்கரையில் நிற்கிறார். ஆனால் அவரை அரிப்பது ஹிட்லர் அல்ல, தனக்குக் கீழ் வேலை பார்க்கும் வில்சன் தன்னைவிட உயர்குடியில் பிறந்தவன் என்பது. இத்தொடர் தொடங்கும்போதே 1940ஆம் ஆண்டின் கதை. பிறக்கும்போதே நரைத்திருந்ததால் மேற்கொண்டு நரைக்க வழியில்லாமல் போயிற்று. ‘கீப்பிங் அப் அப்பியரன்சஸ்’ தொடரில் மேல்தட்டு வேஷத்தை விடாத ஹயசின்த் அம்மையாரும் இதே இனம்தான். ஒரே நகைச்சுவையை 44 பகுதிகளுக்கு இழுத்ததை மட்டும் இக்கட்டுரையாளரால் மன்னிக்க இயலவில்லை.

‘ஃபால்டி டவர்ஸ்’ (1975, 1979) 12 பகுதிகளே. 1970இல் மான்டி பைதான் நகைச்சுவைக் குழு டார்க்கியில் தங்கிய விடுதியின் உரிமையாளர், டெர்ரி கில்லியம் கத்தி முட்கரண்டி பிடித்த விதத்தைக் குறை சொன்னார். வெடிகுண்டோ என்று பயந்து எரிக் ஐடிலின் பெட்டியை வெளியே கொண்டுபோய் வைத்தார். உடனிருந்த ஜான் கிளீஸ் அவரைப் பேசில் ஃபால்டி ஆக்கினார். விடுதி நன்றாக நடக்க ஒரே தடை விருந்தினர்கள்தான் என்பது பேசிலின் கொள்கை. தன்னைப் பிரபு என்று சொல்லிக்கொள்ளும் மோசடிக்காரன் வந்தால், ஜன்னலோர மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் குடும்பத்தையே கிளப்பிவிடுவான். பார்சிலோனாவிலிருந்து வந்த மேனுவலுக்குத் தன் ஸ்பானிஷ் புரியாதபோது, தான் கற்றது செவ்வியல் ஸ்பானிஷ், அவன் பேசுவது ஏதோ வட்டார வழக்கு என்பான். தமிழாசிரியர்கள் இக்காட்சியைத் தனியாகப் பார்ப்பது நல்லது.

நம் துணிபுக்கு மிகச் சிறந்த சோதனைக்களம் இத்தொடரின் ‘தி ஜெர்மன்ஸ்’. ஒரே பகுதியில் இரண்டு சரக்கு. ஜெர்மானிய விருந்தினர் முன் போரைப் பற்றிப் பேசக்கூடாது என்று தீர்மானித்த பேசில் அதையே பேசி, நாஜி நடை நடந்தும் காட்டுகிறான். சிரிப்பு முழுக்க அவன் தலையில் விழுகிறது. அது இன்றும் புத்தம் புதிது. அதே பகுதியில் கிழட்டு மேஜர் இந்தியரையும் மேற்கிந்தியரையும் பற்றி உளறும் வசனங்களைப் பிபிசி பின்னாளில் வெட்டியது. 2020இல் யுகேடிவி இப்பகுதியையே சில நாள் மறைத்து, எச்சரிக்கைக் குறிப்போடு திரும்பக் கொண்டுவந்தது. மேஜரைத்தான் கிண்டல் செய்தோம் என்பது கிளீஸின் வாதம். நியாயமான வாதம்தான், ஆனால் விளக்கம் தேவைப்பட்ட நொடியிலேயே சட்னி ஊசிவிட்டது.

(தொழில்நுட்ப மூப்பு தனி. அரங்கக் காட்சியை வீடியோவிலும் வெளிப்புறத்தை ஃபிலிமிலும் எடுத்த காலம் அது. பாத்திரம் வாசல் தாண்டியதும் முகத்தின் நிறமே மாறிவிடும். இரண்டாம் முறை பார்ப்பவர்கள் கதையை விட்டுவிட்டு இதற்காகவே காத்திருப்பார்கள்.)

‘யெஸ் மினிஸ்டர்’ (1980–84) நம் நான்கு பெட்டிகளிலும் அடங்க மறுக்கிறது. அதிகாரி சர் ஹம்ப்ரியிடம் பேதைமையும் இல்லை, மடனும் இல்லை; பெரும்பாலும் அவர் நினைத்ததே நடக்கிறது. ஒரு மருத்துவமனையில் 500 ஊழியர்கள், ஒரு நோயாளிகூட இல்லை. சுகாதாரத்துக்கான விருதுப் பட்டியலில் அதன் பெயர் இருக்கிறது. 1981இல் வந்த அந்தப் பகுதி இன்னும் கெடாமலிருப்பதற்கான பெருமையை எழுத்தாளர்கள் ஆன்டனி ஜேக்கும் ஜோனதன் லின்னுக்கும் மட்டும் தருவது நீதியல்ல. அரசுகள் தம் பங்கை இடைவிடாது ஆற்றிவருகின்றன. ஆட்சி நிர்வாகம் திருந்தியிருந்தால் தொடர் என்றோ செத்திருக்கும்.

பிரதமர் தாட்சர் இத்தொடரின் தீவிர ரசிகர். 1984 ஜனவரியில் ஒரு பரிசளிப்பு விழாவில், பொருளாதார நிபுணர்களை ஒழிக்கச் சொல்லும் பிரதமராக இரு நடிகர்களுடன் தானே நடித்தார். பின்னர் பேசிய லின், சூழல் நகைச்சுவை உலகில் தமக்குரிய இடத்துக்கு ஒருவழியாக வந்து சேர்ந்ததற்காகப் பிரதமருக்கு நன்றி சொன்னார். அவை சிரித்தது, பிரதமர் சிரிக்கவில்லை என்பது லின்னின் சாட்சியம். பேராசிரியர் கூறிய இரண்டாம் வகை எள்ளல் அங்கே நிகழவில்லை என்று குறித்துக்கொள்கிறோம்.