முறுக்கு டின்னின் வழித்தடம்: ஒரு பூர்வாங்க ஆய்வு

கிறிஸ்துமஸ் அன்பளிப்பைப் பற்றி உலகம் எழுதிக் குவித்துவிட்டது. அன்பளிப்பை எதில் போட்டுக் கொடுத்தார்கள் என்ற கேள்விதான் இன்னும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அந்தப் பெருங்குறையைப் போக்க முன்வந்திருக்கும் இக்கட்டுரையின் களம், மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்கள். ஆய்வுப் பொருள், முறுக்கு டின்.

1885இல் வில்லியம் கேமரன் இந்த மலையை அளக்க வந்தார். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1931இல் தாப்பாவிலிருந்து மலைப்பாதை வந்தது, 1933இல் பாரத் தோட்டம் வந்தது. கொழுந்து கிள்ளத் தமிழர்கள் வந்தார்கள், அவர்களோடு மாரியம்மனும் மாதாவும் வந்தார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இத்தனையையும் குறித்துவைத்தார்கள். டின்னை மட்டும் கண்டுகொள்ளவில்லை.

இங்கே அன்பளிப்பாகத் தேயிலை கொடுக்கலாமே என்று வெளியூர்க்காரர் கேட்கக்கூடும். கொல்லன் தெருவில் ஊசி விற்றவரின் வாரிசு அவர். பலகாரம்தான் கொடுக்க வேண்டும். அதையும் தட்டில் வைத்துத் துணி போட்டு மூடிக் கொடுத்தால் ஆகாது. காரணம் வானிலை. ஏறக்குறைய ஐயாயிரம் அடி உயரம், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை, வாசல்வரை வந்து நிற்கும் மூடுபனி. எண்ணெயில் பொரிந்த முறுக்குக்குள் தண்ணீர் அநேகமாக இல்லை. வெளியே காற்று முழுக்கத் தண்ணீர். இருக்கிற இடத்திலிருந்து இல்லாத இடத்துக்குப் போவது ஈரத்தின் இயல்பு. (பணத்துக்கு அந்த இயல்பு இல்லை என்பதைத் தோட்டத்து மக்கள் ஏறக்குறைய நூறாண்டுகளாக அறிவார்கள்.) திறந்து வைத்த முறுக்கு நமுத்துப்போகும். கடித்தால் சத்தம் வராத முறுக்கைக் கொடுப்பதும் கொடுக்காமல் இருப்பதும் ஒன்றுதான். ஆகவே இறுக்கமான மூடி. ஆகவே டின்.

டின்களில் மூன்று சாதிகள் உண்டு. முதலாவது, டென்மார்க் பிஸ்கட் வந்த நீல நிற வட்ட டின். பார்வைக்கு ராஜகுடும்பம், ஆனால் மூடி தளர்வு. வீடு வீடாகப் போகும் சுற்றிலிருந்து சீக்கிரமே ஓய்வு பெற்று ஊசி, நூல், ஒற்றைப் பித்தான்களோடு அலமாரியில் அமர்ந்துவிடும். இரண்டாவது, பச்சை மைலோ டின். கரண்டிக் காம்பை நுழைத்து நெம்பினால்தான் மூடி அசையும். முறுக்கின் மொறுமொறுப்புக்கு இதைவிடப் பெரிய காவல் இல்லை. மூன்றாவது, சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல். நோன்புப் பெருநாளுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் ஒரே முகத்தோடு வந்து நிற்கும். மலேசிய ஒற்றுமைக்கு இதைவிடச் சுருக்கமான சின்னம் ஆய்வாளருக்குக் கிடைக்கவில்லை.

இனிக் கோட்பாடு. வாங்கிய பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது என்பது தமிழ் வீடுகளின் எழுதாத சட்டம். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கைப்பிடி சீனியாவது போட வேண்டும். கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது என்று அன்பளிப்புக்கு மூன்று கடமைகள் உண்டென்று பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் எழுதினார். லயம் என்னும் தோட்டத்து வரிசை வீடுகளின் அத்தை எவரும் அவரைப் படித்ததில்லை, ஆனால் மூன்றாம் கடமையில் தவறியவர்களின் பட்டியல் அவர்களிடம் மனப்பாடமாக இருக்கும். மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி 1922இல் வெளியிட்ட நூலில், பாப்புவாவின் கிழக்குத் தீவுகளில் சிப்பி மாலைகள் வலமாகவும் சிப்பிக் காப்புகள் இடமாகவும் தீவு தீவாகச் சுற்றுவதை விவரித்தார். லயத்திலும் அதேதான். தீபாவளிக்கு இந்து வீட்டிலிருந்து கிறிஸ்தவ வீட்டுக்கு அதிரசத்தோடு போகும் டின், கிறிஸ்துமஸுக்கு அச்சு முறுக்கோடு எதிர்த்திசையில் வரும். மாலினோவ்ஸ்கிக்குப் படகு தேவைப்பட்டது. இங்கே ஒரு குடை போதும்.

இடைப்பட்ட நாட்களில் டின் கிறிஸ்தவ வீட்டிலேயே தங்கும். இந்தத் தங்கல் காலம் 2023இல் 43 நாள், 2024இல் 55 நாள், 2025இல் 66 நாள். உயர்வு பயங்கரமாகத் தெரிகிறது. ஆனால் டின்னைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆசை பெருகிவிட்டதாக அவசரப்பட்டு முடிவு கட்டக் கூடாது. நவம்பர் 12, அக்டோபர் 31, அக்டோபர் 20 என்று தீபாவளிதான் முன்னால் நகர்ந்து போயிருக்கிறது.

எதிர்வாதத்தையும் சொல்லியாக வேண்டும். 1993இல் ஜோயல் வால்ட்ஃபோகல் என்ற அமெரிக்கப் பொருளியலாளர், கிறிஸ்துமஸ் பரிசுகளின் விலையில் பத்து சதவீதம் முதல் மூன்றில் ஒரு பங்குவரை வீணாகிறது என்று கணக்குப் போட்டார். வாங்கியவர் மனத்தில் அந்தப் பொருளுக்குள்ள மதிப்பு, கொடுத்தவர் கட்டிய விலையைவிடக் குறைவாம். அத்தை, மாமா, தாத்தா, பாட்டி வகையறாவின் பொருள்களில் நட்டம் அதிகம் என்றும் கண்டார். கோலாலம்பூர் மாமா வருடந்தோறும் கொண்டுவரும் சட்டையின் அளவைப் பார்த்த பிள்ளைகள் இதை மறுக்க மாட்டார்கள். அத்தைகளோ இந்த ஆபத்தை முன்கூட்டியே உணர்ந்து, ஆங்பாவ் உறையில் சில வெள்ளியை வைத்துக் கொடுத்துத் தப்பித்துக்கொள்கிறார்கள். ஆனால் முறுக்கு டின்னுக்கு வால்ட்ஃபோகலின் கணக்கு செல்லாது. உறவின் நெகிழ்ச்சியை ஒதுக்கிவிட்டு மதிப்பிடுங்கள் என்பது, பரிசுகளின் மதிப்பைக் கேட்ட மாணவர்களிடம் அவர் வைத்த நிபந்தனை. டின்னிலிருந்து அதை ஒதுக்கிவிட்டால் எஞ்சுவது தகரம்.

தீராத புதிர் ஒன்று உண்டு: மூடி. தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தாம்சன் 1967 மார்ச் 26 அன்று, ஈஸ்டர் ஞாயிறு, காலையில் இதே கேமரன் மலையின் தானா ராத்தா அருகே தேவாலயத்துக்குப் போய்வந்தார். பிற்பகலில் உலாவப் போனவர் திரும்பவே இல்லை. அவரைத் தேட நூற்றுக்கணக்கானோர் காட்டுக்குள் இறங்கினார்கள். டின் மூடிகளும் பெரும்பாலும் திருநாளையொட்டியே மறைகின்றன. தேட ஒரே ஒருவர்தான், அவரும் அடுப்படியை விட்டு நகர முடியாதவர். வேறொரு டின்னின் மூடி வந்து உட்கார்ந்துகொள்ளும். அடியில் நகச்சாயத்தால் வைத்த பொட்டு மட்டுமே மூல உரிமையாளருக்குச் சாட்சி.

இன்று கொழுந்து கிள்ளுவோரில் வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் இந்தோனேசியரும் பலர். தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். டின்னின் சுற்றுப்பாதை லயத்தைத் தாண்டி நெடுஞ்சாலையில் நீண்டிருக்கிறது. டிசம்பர் 26ஆம் தேதி மகனின் காருக்குப் பின்னால் பச்சை டின் ஏறுகிறது. மழையில் குடை பிடித்து நிற்கும் அம்மா, பிள்ளையின் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்கிறார். டின்னைப் பற்றி மூன்று வார்த்தை:

“பொங்கலுக்கு வர்றப்ப கொண்டாந்துரு.”