பங்கு வள்ளம்

தேங்காய்ப்பட்டணம் சாயாக்கடையில் வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவரிடம் சேதியைச் சொன்னேன். ஐந்தாம் தலைமுறைப் போர் விமானத்தை ரஷ்யாவோடு பங்குபோட்டுச் செய்ய, 2010 டிசம்பரில் முதற்கட்ட வடிவமைப்புக்கு மட்டும் 29.5 கோடி டாலர் ஒப்பந்தம். 2018-இல் நாம் கழன்றுகொண்டோம். ரஷ்யா தனியாகவே முடித்தது; சுகோய்-57 என்று பெயரும் முன்பே வைத்திருந்தது. 2025 பிப்ரவரியில் அது பெங்களூரு கண்காட்சிக்கு வந்து நம் தலைக்குமேலேயே கரணம் அடித்தது. வாங்கிக்கொள்கிறீர்களா என்றும் கேட்டார்கள்.

பெரியவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"அட்வான்ஸ் திரும்பக் கிட்டிச்சா மக்கா?"

"அது படம் வரையக் கொடுத்தது, மாமா."

மணல் மேடிட்ட முகத்துவாரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஓட்ட ஒருத்தன் போதுமா, ரெண்டு பேரு வேணுமான்னும் சண்டை வந்திருக்குமே?"

வந்ததுதான். முதலில் இருவர் இருக்கை கேட்டோம். பிறகு ஒருவர் போதும் என்றோம்.