ஜருகண்டி சொல்ல ஆளில்லை!

கென்யா போய்வந்த என் சம்பந்தி ஓயாமல் பீற்றிக்கொள்கிறார். திருப்பதிக்காரனுக்கு அங்கே என்ன புதுசு?
(வாசகர், திருப்பதி)

காத்திருப்பது புதுசில்லை. ஜூலை முதல் அக்டோபர் வரை மசாய் மாராவில், மாடு போலிருக்கும் வில்டபீஸ்ட் மான்களின் கூட்டம்; லட்சக்கணக்கில். முதல் மாடு ஆற்றில் இறங்கும்வரை ஜீப்பில் மணிக்கணக்காகத் தவம். க்யூ காம்ப்ளெக்ஸில் தேறிய உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி. மாடுகளுக்கு முதலை 'ஜருகண்டி' சொல்லும்; உங்களுக்குச் சொல்ல ஆளே இல்லை. அந்தச் சுகத்துக்காகவே போகலாம்.

காட்டு யானை பார்க்க ஆப்பிரிக்காதான் போகணுமா?
(வாசகி, சித்தூர்)

யானையிடம் பயிரைப் பறிகொடுத்த பலமநேர் விவசாயியிடம் கேட்காதீர்கள், அடிக்க வருவார். உங்கள் கௌண்டின்யா காட்டு யானைகளே வெளியூர்ப் பயணிகள்தானே! 1980களில் தமிழ்நாடு, கர்நாடகப் பக்கமிருந்து வந்து, ஊர் பிடித்துப்போய்த் தங்கிவிட்டன. ஆனால் அம்போசெலியில் யானைக்குப் பின்னால் கிளிமஞ்சாரோ நிற்கும். மலை தான்சானியாவில், போட்டோ கென்யாவில்!

சிங்கம் கிட்டே வந்தால் பயமாக இருக்காதா?
(அதே வாசகி)

அங்கே நீங்கள் வண்டிக்குள், அது வெளியே. திருப்பதி அலிபிரி நடைபாதையில் நீங்கள், சிறுத்தை இரண்டு பேருமே வெளியே. 2023இல் ஒரு சிறுமியைச் சிறுத்தை கொன்ற பிறகுதான் பக்தர்கள் கையில் கம்பு கொடுத்தார்கள்.