கொடி பிடிக்காதது குற்றமா?

கேள்வி: திருநங்கையான நான் ஒரு கடையில் கணக்கு எழுதி அமைதியாக வாழ்கிறேன். 'போராட்டத்துக்கு வராமல் ஒதுங்குகிறாயே' என்கிறார்கள் தோழிகள். நான் சுயநலக்காரியா?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: இல்லவே இல்லை, சகோதரி! உங்களைப் போலவே திருநங்கையான பிரித்திகா யாஷினி கேட்டது போலீஸ் வேலை. விண்ணப்பத்திலேயே அவருக்கு இடமில்லை என்றதால்தான் கோர்ட் படியேறினார். 2015-ல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. போராட்டத்தை அவர் தேடிப் போகவில்லை, அதுதான் அவர் வாசலுக்கு வந்தது. மாதம் பிறந்தால் வாடகை, காலையில் கீரைக்காரம்மாவோடு பேரம், 'அக்கா' என்று ஓடிவரும் பக்கத்து வீட்டுக் குழந்தை... இதற்காகத்தானே போராடிய அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள்? கிடைத்ததை யாராவது வாழ்ந்து பார்க்க வேண்டாமா? நிம்மதியாக இருங்கள். வீடு கிடைக்காமல் அலையும் தோழிக்காக மட்டும் உங்கள் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.