எந்த ஊரு, எந்த வட்டம்?

அறுபதுகளில் நெய்வேலியில் வந்து இறங்கிய எல்லாருமே வெளியூர்க்காரர்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது தலைகாட்டிய பழுப்பு நிலக்கரிக்காக, 1956இல் ஒரு நிறுவனமே உருவானது. 1957இல் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். சோவியத் உதவியோடு கட்டிய அனல்மின் நிலையம் 1962இல் மின்சாரம் தந்தது. அந்த வேலைக்குத் திருநெல்வேலிச் சீமை நாசரேத்திலிருந்து வந்தவர் என் அப்பா. எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஒரு பக்கம் பாலக்காட்டுக்காரர், மறுபக்கம் கும்பகோணத்துக்காரர். உள்ளூர்க்காரர்கள் என்றால், சுரங்கத்துக்காக நிலத்தை விட்டு எழுந்துபோன கிராமத்து ஜனங்கள்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அம்மா நேரே வீட்டுக்கு வரமாட்டாள். கோயில் வாசலில் செருப்புகள் கிடக்கும் இடத்தில் போய் நிற்பாள். புதுமுகம் யாராவது தலையைக் குனிந்து செருப்பைத் தேடினால் பிடித்துக்கொள்வாள். "எந்த ஊருப்பா? எந்த வட்டத்துல இருக்கீக?" குடியிருப்பு வட்டத்தின் எண்ணைச் சொல்வதற்குள் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில் என்று முடிவாகியிருக்கும். வந்தவர் எந்தச் சபை, எந்தச் சாதி என்ற கேள்வி அவள் வாயில் வந்ததே இல்லை. குழம்பு போதாது என்று தெரிந்தால் ரசத்தில் தண்ணீர் கூடும், அவ்வளவுதான்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போவோம். நைட் ஷிப்ட்டுக்குப் போகிறவர் தூங்குகிற வீடு என்றால் ட்ரம்மை அடிக்காமல் பாடுவோம். ஒரு வருடம் கிறிஸ்தவ வீடுகளுக்கு மட்டும் போய்த் திரும்பியபோது மறுநாள் கும்பகோணத்து மாமி சண்டைக்கு வந்தார்: "எங்காத்து வாசல் கண்ணுக்குத் தெரியலையா?" அதற்கு அடுத்த வருடத்திலிருந்து அவர் வீட்டில்தான் எங்களுக்குக் காபி. பதிலுக்கு எங்கள் முந்திரிக்கொத்து அவர் வீட்டுக்குப் போகும், அவர்களுடைய தீபாவளி பட்சணம் அதே தட்டில் திரும்பி வரும்.

இப்போதும் அதே சபைக்குத்தான் போகிறேன். ஒலிபெருக்கி நன்றாக இருக்கிறது, பாட்டு வரிகள் திரையில் ஓடுகின்றன. வரவேற்புக் குழு என்று ஒன்றும் இருக்கிறது. பேட்ஜ் குத்திக்கொண்டு எல்லாருக்கும் கைகூப்புகிறார்கள். போன கிறிஸ்துமஸ் சமயம் கடைசி பெஞ்சில் இரண்டு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். தமிழ் வரிகள் தெரியாவிட்டாலும் ராகம் தெரிந்திருந்ததால் முணுமுணுத்தபடி கூடவே பாடினார்கள். ஆசீர்வாதம் முடிந்ததும் பைக்குகள் கிளம்பின. அவர்களும் செருப்பைத் தேடினார்கள். ஒருவரும் பக்கத்தில் போகவில்லை. நான் போய்ப் பேர் கேட்டபோது பெரியவன், "ஜெய் யேசு" என்று கும்பிட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியே போதுமானதாக இருந்தது.

அவர்களை விசுவாசத்துக்குப் புதிதாக வந்த கூட்டம் என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். ஜெர்மனியின் காஸ்னர் மிஷனரிகள் ஜார்க்கண்டின் ராஞ்சிக்கு வந்தது 1845இல். நாசரேத்துப் பக்கத்துச் சபைகளுக்கு இருப்பது போலவே தலைமுறை தலைமுறையான சரித்திரம் அந்தப் பிள்ளைகளின் சபைகளுக்கும் உண்டு. அதைவிட எனக்கு மனசில் தைப்பது வேறு. அப்பா தகரப் பெட்டியோடு இங்கே வந்து இறங்கியபோது இருந்த நிலையில்தான் இவர்கள் இன்று இருக்கிறார்கள். அவரை யாரோ சேர்த்துக்கொண்டதால்தான் நாங்கள் இந்த ஊர்க்காரர்கள் ஆனோம். மத்தேயு 25ஆம் அதிகாரத்தின் "அந்நியனாயிருந்தேன், என்னைச் சேர்த்துக்கொண்டீர்கள்" என்பதை வருடம் தவறாமல் பிரசங்கத்தில் கேட்கிறோம். வாசலில் நிற்கிற வேலைக்குக் குழு வேண்டாம், பேட்ஜும் வேண்டாம். யாராவது ஒருவர் பத்து நிமிடம் தாமதமாக வீட்டுக்குப் போனால் போதும்.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். இந்த டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் பட்டியல் போடும்போது ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கியிருக்கும் அறைகளையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். காபி கொடுக்க அங்கே டம்ளர் இருக்காது, நாமே கொண்டுபோவோம்.